ஞாயிறு தோரா வகுப்பு பெற்றோர் சங்கம், வடக்கு லண்டன்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் ஷாலோம். வரவு செலவு கணக்க பொருளாளர் படிப்பாரு, அதுக்குள்ள நான் போகல. அறிக்கைய சுருக்கமா முடிக்கச் சொல்லி ரப்பி ரெண்டு தடவ மெசேஜ் போட்டாரு, ஆனா இந்த வருஷம் வகுப்புல சொல்ற மாதிரி விஷயம் நடந்திருக்கு, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நமக்கு வருஷம் தொடங்குறது சிம்ஹத் தோராவுலதான், அதாவது தோராவ (மோசேயோட அஞ்சு புத்தகம்) படிச்சு முடிச்சு மறுபடி தொடங்குற பண்டிகை. 2024 அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை உபாகமம் கடைசி வரிய படிச்ச கையோட ஆதியாகமம் முதல் அதிகாரத்த ஆரம்பிச்சாச்சு, பசங்க எல்லாரையும் முன்னாடி கூப்பிட்டு பெரிய தலீத் துணிய (ஜெப சால்வை) தலைக்கு மேல விரிச்சு பிடிச்சு ஆசீர்வாதம் சொன்னாங்க, சின்னதுங்க பாதி அந்தத் துணிக்குள்ளயே ஓடிப் பிடிச்சு விளையாண்டுச்சு. புதுசா சேர்ந்த பெற்றோருக்காக சொல்றேன், மொத்த தோராவும் 54 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் பராஷான்னு பேரு, வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் ரெண்டு சேர்ந்து வரும்.

இதுலதான் கமிட்டில சண்டையே வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல எபிரேய எழுத்து, ஜெபம், பண்டிகைன்னு எல்லாம் போக பராஷாவுக்கு மிஞ்சுற நேரம் ரொம்ப கம்மி, அந்த நேரத்துல கதைய சொல்லி முடிச்சு அடுத்த வாரத்துக்கு தாவுறது, அதாவது போர்ஷன் முடிக்கிறது, அவ்வளவுதான் இத்தன வருஷமா நடந்துச்சு. பையன்கிட்ட என்ன படிச்சேன்னு கேட்டா "நோவா, பேழை"ம்பான், ஏன் எதுக்குன்னு கேட்டா முழிப்பான். ரொம்ப பேசி கடைசில நம்ம மூத்த மோரா (டீச்சரம்மா) சொன்னபடி நெஹாமா லெய்போவிட்ஸ் வழிக்கு வந்தோம். ரீகால பிறந்து 1930ல ஜெருசலேம் போன அந்தம்மா 1942ல இருந்து 1971 வரைக்கும் வாராவாரம் பராஷா மேல கேள்வித்தாள் போட்டு தபால்ல அனுப்பினாங்க, பதில் எழுதி அனுப்புனவங்களுக்கு சிவப்பு மையில திருத்தியும் அனுப்பினாங்க. கதைய திருப்பி ஒப்பிக்க சொல்ற கேள்வி அதுல கிடையாது, இந்த வரில ரஷிக்கு (தோராவுக்கு விளக்கம் எழுதின பழைய அறிஞர்) என்ன உறுத்துச்சு, எதுக்காக இங்க விளக்கம் எழுதினாருன்னு கேப்பாங்க.

நாமளும் ஒரு பக்க தாள் அடிச்சு வீட்டுக்கு குடுத்து விட்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுல பேசணும், ஆனா ஷபாத்துல (வெள்ளி சாயங்காலம் தொடங்குற ஓய்வு நாள்) எழுதக்கூடாதே, அதனால பசங்க எல்லாத்தையும் மனசுல வச்சிருந்து சனிக்கிழமை ஹவ்தாலா (ஷபாத்த முடிச்சு வைக்கிற ஜெபம்) முடிஞ்சதும் எழுதி ஞாயித்துக்கிழமை கொண்டு வரணும். முதல் ரெண்டு மாசம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே புகார், "எங்களுக்கே பதில் தெரியல"ன்னு. தெரியாததுனாலதான் சாப்பாட்டு மேஜைல பேச்சு நீளுதுன்னு நான் நினைக்கிறேன், இத கமிட்டில எல்லாரும் ஒத்துக்கல.

லேவியராகமம் வந்தப்போதான் இது பலிக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு. மே 3 ஷபாத்துக்கு தஸ்ரியா, மெட்சோரா ரெண்டு பகுதி சேர்ந்து வந்துச்சு, முழுக்க தோல் நோய், கறை, தீட்டு. முன்னெல்லாம் கலரிங் பேப்பர் குடுத்து தாண்டிடுவோம், பழைய காலத்துல சின்ன பசங்களுக்கு தோராவ இந்தப் புத்தகத்துல இருந்துதான் தொடங்குவாங்கன்னு மித்ராஷ்ல (பழைய ரப்பிகளோட வேத விளக்கம்) இருக்குறத நாம மறந்தே போயிட்டோம். 14ம் அதிகாரத்துல வீட்டுச் சுவத்துல பச்சையா, இல்ல சிவப்பா குழிஞ்ச கறை வந்தா என்ன பண்ணணும்னு வருது. ஆசாரியர் (எபிரேயத்துல கோஹன்) வந்து பார்த்து சந்தேகம் இருந்தா ஏழு நாள் பூட்டணும், கறை பரவியிருந்தா கல்லப் பேர்க்கணும், சுரண்டி புதுசா பூசணும். மேல் மாடி வகுப்புல ஜன்னலுக்கு கீழ ஈரம் ஊறி பூஞ்சை பிடிச்சிருக்கே, பசங்க அத்தன பேரும் திரும்பி அதத்தான் பார்த்துச்சு. நம்மள்ல ஆசாரியர் வம்சமான கோஹன் குடும்பத்துப் பொண்ணு ஒண்ண இழுத்துட்டு வந்து "நீ பாத்து சொல்லு"ன்னு ஒரே கூத்து.

அதுக்கப்புறம்தான் கேள்வி. ஆசாரியர் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வீட்ட காலி பண்ணச் சொல்றாரு, ஏன்? அவரு தீட்டுன்னு வாயால சொல்லிட்டா உள்ள இருக்குற எல்லாமே தீட்டு. பிரான்ஸ்ல த்ருவா ஊர்ல 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ரஷி இந்த வரிக்கு சொல்றது, மத்த சாமான முழுக்கி எடுத்தா சுத்தமாயிடும், மண் பாத்திரத்துக்கு அது பலிக்காது, அப்போ தோரா பரிதாபப்பட்டது அந்த மண் சட்டிக்குத்தான். ஹவ்ரூதால ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து பேசினாங்க. பத்து வயசுப் பையன் ஒருத்தன், "அப்போ சட்டத்துலயே தப்பிக்க வழி விட்டு வச்சது கடவுளா?"ன்னு கேட்டான், அவன் ஜோடி, "தப்பிக்கிறது இல்ல, ஏழைங்க வீட்ல சட்டி மட்டும்தான் இருக்கும்"னு சொன்னா. மோரா பதில் சொல்லாம விட்டுட்டாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

பூஞ்சைய சுரண்டி பெயிண்ட் அடிச்சோம், ஆகஸ்ட்ல மறுபடி வந்துடுச்சு. வேலை பார்த்த ஆளு போன எடுக்கல. மறுபடி வந்தா வீட்டையே இடிக்கணும்னு பசங்க வசனம் காட்டுறாங்க, பொருளாளர் சம்மதிக்கல.

உதவி டீச்சர் விஷயம். தால்மூத்ல (பழைய யூத சட்ட விவாதத் தொகுப்பு) பாபா பத்ராங்குற பகுதில ராவாங்குற அறிஞர் சொன்ன கணக்கு இருக்கு, ஒரு வாத்தியாருக்கு 25 பசங்க, 40 ஆனா கூட ஒரு உதவியாள், 50 ஆனா ரெண்டு வாத்தியார். கீழ் வகுப்பு 25ஐ தாண்டிடுச்சு, 40 ஆகலையேன்னு ஒருத்தர் வாதம் பண்ணினாரு, ஆனா அந்தக் காலத்துல ஒவ்வொரு பெற்றோரும் பிக்கப்புக்கு லேட்டா வரல. இன்னைக்கு இத ஓட்டுக்கு விடுறோம்.

பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா (பசங்க மதக் கடமைய ஏத்துக்குற விழா) பேச்சு பத்தி ஒரே முடிவு, அப்பா அம்மா எழுதிக் குடுக்கக் கூடாது, பிள்ளை சொந்தமா கேட்ட ஒரு கேள்வியாவது அதுல இருக்கணும். ஜூன் 1 ஷவுவோத் (தோரா கிடைச்சத கொண்டாடுற பண்டிகை) ராத்திரி படிப்புக்கு பெரிய பசங்க நடுராத்திரி தாண்டியும் இருந்தாங்க, சீஸ்கேக் அதுக்கு முன்னாடியே காலி.

அடுத்த சுத்து அக்டோபர் 15ல தொடங்குது. கேள்வித்தாள் அடிக்க ரெண்டு பேர் வேணும், எபிரேயம் நல்லா தெரியணும்னு இல்ல, வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள அனுப்பிடணும், அதான் முக்கியம். பேர் குடுக்குறவங்க டீ மேஜை பக்கத்துல இருக்குற நோட்டுல எழுதிட்டுப் போங்க.

செயலாளர்