சத்தமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துருக்கிக் கல்யாணங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், “இசை என்று சொல்ல ஒன்றுமில்லை, காதைப் பிளக்கும் மேளச் சத்தம்தான்” என்று ஒரு வரி. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

துருக்கியின் காஸியான்டெப் நகரில் நூல் மில் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். கீழ்வீட்டுப் பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் தாவுல் என்ற பெரிய மேளம், ஸுர்னா என்ற நாயனம் போன்ற ஊதுகருவியோடு வந்தார்கள். தாவுலுக்கு ஒரு பக்கம் தடித்த கட்டை, மறுபக்கம் மெல்லிய குச்சி. ஸுர்னாக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்தபடியே ஸ்வரம் அறாமல் ஊதினார். பெண்ணின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தவில்காரர் பேரன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் ஹலாய். சுண்டுவிரல் கோத்து வரிசையாக நின்றார்கள். முதலில் நிற்பவர் கையில் கைக்குட்டை சுழன்றது. நிதானமாக ஆரம்பித்துத் துள்ளலில் முடியும் ஆட்டம் அது. தாவுல்காரர் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே அடி போட்டார். கருங்கடல் பக்கம் போனால் ஏழு மாத்திரையில் ஹோரோன், ஏஜியன் பக்கம் ஒன்பது மாத்திரையில் செய்பெக். தாங்கள் அறியாததா?

கட்டுரைக்குப் போட்ட படமோ சுழலும் மெவ்லெவி தர்வேஷ்கள், அதாவது ரூமி வழிவந்த சூஃபி துறவிகள்! அது இறைவழிபாடு ஐயா. சூஃபி கவிஞர் ரூமி மறைந்த டிசம்பர் 17-ஐ, அவர் அடங்கிய கொன்யா நகரில் ‘ஷெபி அரூஸ்’, அதாவது திருமண இரவு என்பார்கள். அவர் இறைவனோடு சேர்ந்த இரவு என்று பொருள். அந்தச் சொல் குழப்பிவிட்டதோ என்னவோ.

முன்பு ஒருமுறை துருக்கியரின் தாய்மொழி அரபி என்று அச்சிட்டீர்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போன வருடத் திருவிழாக் கட்டுரையில் நம் தவிலுக்கும் இதே ‘சத்தம்’தான். அதையும் பொறுத்துக்கொண்டேன். வாசிக்கிறவர் யார் என்று பார்த்துத்தானே இந்தச் சொல் வந்து விழுகிறது? அங்கும் பல ஊர்களில் கல்யாணத்துக்கு வாசிப்பவர்கள் ரோமா, அப்தால் சமூகத்தார். கூலி கொடுப்பார்கள், சமமாக உட்காரவைக்க யோசிப்பார்கள். அப்படியொரு அப்தால் குடும்பத்தில் பிறந்து, அப்பாவோடு கல்யாணங்களில் வாசித்து வளர்ந்தவர்தான் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் நெஷெத் எர்தாஷ். 2012-இல் அவர் இறந்தபோது, வழியனுப்ப அவர் சொந்த ஊரான கிர்ஷெஹிரில் திரண்ட கூட்டம் சத்தம் கேட்க வந்த கூட்டமா?

முப்பது வருடமாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவன் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் படம் கல்யாண ஆட்டமல்ல என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கும்பகோணம்