வாச்சாத்தியும் சங்கமும்

ஆசிரியருக்கு,

தருமபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியின் வழக்கைப் பற்றி எழுதும்போது தீர்ப்புகளைப் போற்றும் அளவுக்கு, அதை நீதிமன்றம்வரை கொண்டுசென்ற இயக்கத்தை யாரும் நினைப்பதில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறையினரும் காவல்துறையினரும் வீடுகளை நொறுக்கி, கிணற்றையும் பாழாக்கி, 18 பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கியபின், அரசு மறுத்த அந்தச் செய்தியை வெளிக்கொணர்ந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் தொடுத்த வழக்கால்தான் 1995இல் சிபிஐ விசாரணை வந்தது. 2011இல் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை 2023இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்யும்வரை, மிரட்டலுக்கு அஞ்சாமல் அப்பெண்கள் சாட்சியத்தில் உறுதியாக நின்றதற்குச் சங்கத்தின் துணையும் ஒரு காரணம்.

வாசகர், அரூர்