டால்பினுக்கு அடியில் இருக்கிறது எங்கள் கோடு

தென்பெண்ணைக் கரையில் தடுப்புச் சுவர் கட்டியவர்களுக்கும், அதில் படம் வரையச் சொன்னவர்களுக்கும் வணக்கம்.

எந்தச் சுவர் என்று விளக்க வேண்டியதில்லை. ரிப்பன் வெட்டி இரண்டு மாதம் ஆகவில்லை; தோரணம் கட்டிய ஆணிகள்கூட அப்படியே இருக்கின்றன. சுவர் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். கேட்டு வாங்கியது. அதற்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும்.

நான் எழுதுவது மோட்டார் கொட்டகையைப் பற்றி. சுவரின் கிழக்கு முனையில் இருக்கிற அந்தப் பழைய செங்கல் கொட்டகையைச் சுவரோடு சுவராகச் சேர்த்துப் பூசிவிட்டீர்கள். தெருவைப் பார்த்த பக்கத்தில், வெள்ளம் ஏறிய உயரத்தைக் குறித்த மூன்று கோடுகள் அதில் இருந்தன. 2015 என்று கரித்துண்டால் இழுத்த கோடு முழங்கால் உயரம். 2021 நவம்பர் கோடு, படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயின்டில், இடுப்புக்குச் சற்று மேலே. 2024 டிசம்பர் கோடு சிவப்பு. என் தோளைத் தாண்டும். நான் கொஞ்சம் குள்ளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தோள் தோள்தான்.

இப்போது அந்த இடத்தில் ஒரு டால்பின் குதிக்கிறது. வெள்ளை பிரைமர் இரண்டு கோட்டிங், அதன் மேல் நீலம், அதன் மேல் பல் தெரியச் சிரிக்கிற டால்பின்.

அந்த ராத்திரி உங்களுக்கும் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று வாசலில் விழுந்த கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். ஆற்றின் மேல்பக்கம் பெய்த மழைக்குச் சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். டிவியில் அந்த எண் ஓடியது. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவன், கணக்கு சுமார். அத்தனை கன அடி வந்தால் என் வீட்டுத் திண்ணையில் எத்தனை அடி நிற்கும் என்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டு அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்குக் கோடு தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கதவைத் தட்டினார்.

"சார், இருபத்தொண்ணு கோட்டைத் தொட்டுடுச்சு. இன்னும் என்னா பாத்துக்கினு இருக்கீங்க? கெளம்புங்க."

அவ்வளவுதான். தெருவே கிளம்பியது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வயசானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து, பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிந்து பார்த்தால் என் வீட்டு மர பீரோ மிதந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. நீலக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் ஆறாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. கொட்டகையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும், தினமும் பார்க்கிறார்கள், தெரிகிறது.

தண்ணீர் வடிந்ததும், சேற்றுத் தடம் காய்வதற்குள், அந்த அம்மாதான் மூன்றாவது கோட்டைப் போட்டார். பெயின்ட் ஏது? செங்கல் பொடியைக் குழைத்து விரலால் இழுத்தார். பிறகு நான் பிரஷை எடுத்துப் போய் அதன் மேலேயே சிவப்பைத் தீட்டினேன். ஓவிய வாத்தியார் என்று பெயர் வாங்கி நான் ஊருக்குச் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

உங்கள் ஆள் பிரைமர் அடிக்க வந்த அன்று பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள், "அண்ணா, அதுல கை வெக்காதீங்க" என்று. பாவம், வெளியூர்ப் பையன். "எனக்குக் குடுத்த லிஸ்ட்ல இந்த இடத்துக்கு டால்பின்தான் இருக்கு" என்றானாம். அவன் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லிஸ்ட் போட்டவர்களிடம்தான் கேட்கிறோம்: எங்கள் கோடுகளைத் திருப்பிக் கொடுங்கள்.

"கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோமே" என்பீர்கள். நடத்தினீர்கள். வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யார் இருப்பார்கள்? நான் இருந்தேன், இன்னும் இரண்டு பென்ஷன்காரர்கள் இருந்தார்கள், ஒரு நாய் இருந்தது. டீயும் போண்டாவும் நன்றாகவே இருந்தன. கையெழுத்து வாங்கினீர்கள். சுவரில் என்ன வரையலாம் என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்தக் கையெழுத்துதான் இப்போது "பொதுமக்கள் பங்களிப்புடன்" என்று கல்வெட்டில் ஏறியிருக்கிறது போலும்.

வரைந்தவற்றையும் பார்த்தேன். தொழில் தெரிந்தவன் என்பதால் நின்று நிதானமாகவே பார்த்தேன். ஒரு மயில். கதகளி முகம் ஒன்று. பனிக்கட்டி மேல் ஒரு கரடி. நடுவே ஆளுயர எழுத்தில், "மரம் நடுவோம், மழை பெறுவோம்." ஐயா, வெள்ளத் தடுப்புச் சுவரில் இதை எழுத யாருக்கு மனசு வந்தது? பெற்ற மழையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் சுவரே கேட்டோம்.

உலகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் பாசாவு என்று ஒரு ஊர். மூன்று ஆறுகள் கூடுகிற இடம். ஆறுகள் கூடுவதால் கூடலூர் என்று பெயர் வாங்கிய நம் கடலூருக்கு ஒருவகையில் பங்காளி. அங்கே நகர மன்றக் கட்டடத்தின் சுவரிலேயே ஒவ்வொரு வெள்ளமும் ஏறிய உயரத்தை வருடத்தோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 1501 வெள்ளத்துக்கும் குறி இருக்கிறது, 2013 வெள்ளத்துக்கும் இருக்கிறது. அதன் மேல் யாரும் டால்பின் வரையவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில் அரை மைல் நீளத்துக்கு ஓவியம் இருக்கிறது. 1974இல் அங்கிருந்த ராணுவப் பொறியாளர்களே ஜூடித் பாக்கா என்ற ஓவியரை அணுகினார்கள். 1976இல் வரையத் தொடங்கிய அவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுமார் நானூறு பேரைச் சேர்த்துக்கொண்டார். போலீஸ் வழக்கில் மாட்டிய பையன்களும் அதில் உண்டு. அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கதையை அவர்களின் பிள்ளைகளே வரைந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் கை இல்லையா?

ஆளுக்கும் பஞ்சமில்லை. பேனரும் கட்-அவுட்டும் வரைந்துகொண்டிருந்த ஒருத்தன் இதே தெருவில் இருக்கிறான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷைக் கழுவி வைத்துவிட்டு டெம்போ ஓட்டுகிறான். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். புள்ளி வைத்தால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரிசையாக ஆற்றில் இறங்குவதை வரையலாம். கூறு கட்டி விற்கிற சிறுவள்ளிக் கிழங்கை வரையலாம். வலை, படகு, மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி, எதை வேண்டுமானாலும் வரையலாம். வரைகிறவர்களுக்குக் கூலியும் கொடுங்கள். வெளியூர்ப் பையனுக்குக் கொடுத்த அளவே போதும்.

சுவரைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பேசாமல் இருக்க முடியவில்லை. தெருத் தண்ணீர் ஆற்றுக்குள் போக ஒரு குழாய் வைத்தீர்கள், அதன் வாயில் இப்போதே மண் மேடு. போன வாரம் ஒரு மணி நேர மழைக்கே சுவரின் இந்தப் பக்கம் கணுக்கால் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் இல்லை, தெருவில் இருக்கிறது. டால்பினுக்கு வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம். எங்கள் கோடுகளைத் திருப்பிக் கொடுங்கள். பிரைமர் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறது. கொட்டகைப் படியிலிருந்து மூன்று கோடுகளின் உயரத்தையும் அளந்து எழுதிய நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. ஏணியும் எங்களிடமே இருக்கிறது, உங்களுக்குச் செலவில்லை. டால்பினை அழிக்கக்கூடச் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதன் வயிற்றுக்குக் குறுக்கே மூன்று கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தை எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தால் போதும். மீதிச் சுவரில் என்ன வரைவது என்பதைப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள். ஊரே இருக்கும். போண்டா எங்கள் செலவு.

ஐப்பசி பிறப்பதற்குள் பதில் சொன்னால் நல்லது. அதற்கு அப்புறம் எங்களுக்குக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை வந்துவிடும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரையில் குடியிருக்கும்
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கடலூர்