பிரெயில் டிஸ்பிளே வாங்கியிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

திரையில் உள்ள எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பி விரலால் படிக்கவைக்கும் பிரெயில் டிஸ்பிளே கருவி வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றும், பெட்டியைப் பிரித்த கையோடு கைப்பேசியுடன் இணைக்க முயன்று முடியாமல் அலுத்துப்போய் மூடி வைத்துவிட்டாய் என்றும் நேற்று தொலைபேசியில் சொன்னாய். பேசும்போது சொல்வதில் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். முதலில் இதைக் கைப்பேசியின் குரலில் கேட்டுக்கொள். விரல் பழகிய பிறகு இதே கோப்பைக் கருவியில் படி.

இணைப்பை ஓரிரு நாள் தள்ளிப்போடு. கருவியை மேசைமீது வைத்து, இயக்காமலேயே ஒருமுறை முழுவதும் தடவிப் பார். உன் பக்கத்து விளிம்பை ஒட்டி ஒரே வரியில் இருபது கட்டங்கள் இருக்கும். அதுதான் நீ வாசிக்கப்போகும் இடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு சிறு பொத்தான் உண்டு. எந்தக் கட்டத்தின் பொத்தானை அழுத்துகிறாயோ அந்த எழுத்துக்கே கர்சர் வந்து நிற்கும் என்பதால், பிழை திருத்தும்போது அதன் அருமை தெரியும். அதற்கும் அப்பால் இருப்பவை எழுதுவதற்கான விசைகள். இடது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றுக்கு 1, 2, 3 என்ற புள்ளிகளும், வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6 என்ற புள்ளிகளும் அமைந்திருக்கும். நான் பள்ளியில் தட்டிய பெர்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரத்திலும் இதே ஒழுங்குதான்.

தாளில் நீ படித்த பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள், இதில் எட்டு. அடியில் கூடுதலாக உள்ள 7, 8 ஆகிய புள்ளிகள் பெரும்பாலும் கர்சரைக் காட்டுவதற்கே பயன்படுகின்றன. திடீரென ஓர் எழுத்துக்கு வால் முளைத்ததுபோல் விரலுக்குத் தோன்றினால் குழம்பாதே. கர்சர் அங்கே நிற்கிறது, அவ்வளவுதான். அது துடித்துக்கொண்டே இருந்தால் படிப்பது கடினம் என்பதால், துடிப்பதை அமைப்புகளில் நிறுத்திவிடு.

பிறகு கருவியை இயக்கி, அதிலேயே இருக்கும் குறிப்பேட்டில் உன் பெயரை எழுது, உடனே அதைப் படி. அழுத்தித் தடவாதே. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊசி. அதற்குக் கீழே மின்னழுத்தம் பட்டால் வளையும் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது, அது வளையும்போதுதான் ஊசி மேலெழுகிறது. உன் கருவியில் இப்படி 160 ஊசிகள். இதன் விலை ஏன் அவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதற்கு இதுவே முதற்காரணம். விலையில் 90 விழுக்காடு வரை ஏற்கும் சிங்கப்பூரின் உதவித் தொழில்நுட்ப நிதி இல்லாவிட்டால் நம்மைப் போன்ற குடும்பங்கள் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அந்த நிதிக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி என்பதால், இந்தக் கருவியை நீண்ட நாள் உழைக்க வைப்பது உன் கையில் இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கை எப்போதும் பிசுபிசுக்கும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே தொடு. கைக்குப் பூசும் கிரீமும் பிள்ளைக்கு ஊட்டிய சோறும் ஊசித் துளைகளுக்கு ஆகாதவை.

இனி இணைப்பு. ஐஃபோனில் நீ வழக்கமான புளூடூத் பட்டியலில் தேடியிருப்பாய். அங்கே இணைக்கக் கூடாது. அமைப்புகளில் அணுகல்தன்மை, அதனுள் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர், அதனுள் பிரெயில் என்று சென்றால் உன் கருவியின் பெயர் அங்கே வரும். இணைந்த பிறகு, இடைவெளி விசையோடு 4ஆம் புள்ளியை அழுத்தினால் அடுத்த உருப்படி, 1ஆம் புள்ளியை அழுத்தினால் முந்தையது. இடைவெளியோடு 1, 2, 5 என்றால் முகப்புத் திரை. இடைவெளியோடு 1, 3, 4 என்றால் குரல் அடங்கிவிடும். இந்தக் கடைசிக் கட்டளையை மட்டும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துகொள்.

ஏனென்றால், "கைப்பேசிதான் பேசுகிறதே, இது எதற்கு?" என்று உன்னிடம் பலர் கேட்பார்கள். உன் மாமாவே கேட்டார். காதால் கேட்பது வேறு, வாசிப்பது வேறு என்பதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். குரல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதன் எழுத்துகள் உனக்குத் தெரியாது. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் நீ, கூட்டத்தில் மற்றவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே தொகையை விரலால் சரிபார்க்க முடிந்தால், யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழில் இது இன்னும் தெளிவு. இயந்திரக் குரலில் லகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. விரலுக்கோ ஐயமே இல்லை: இடது பக்கத்து மூன்று புள்ளிகளும் எழுந்தால் ல, வலது பக்கத்து மூன்றும் எழுந்தால் ள, 4ஆம் புள்ளி தவிர ஐந்தும் எழுந்தால் ழ.

தமிழை அச்செழுத்தில் படித்து வளர்ந்தவள் நீ என்பதால் இரண்டு செய்திகளை நினைவில் வை. 1951இல் இந்தியாவில் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துக்கு மேலே வராது, 4ஆம் புள்ளியாக முன்னால் வரும். உயிர்மெய்யில் கொம்பு, கால் என எதுவும் இல்லை. கொ என்றால் ககரம், அதை அடுத்து ஒகரம். 'அம்மா' என்ற சொல்லை எழுதிப் பார்: அ, 4ஆம் புள்ளி, ம, மீண்டும் ம, ஆ என்று ஐந்து கட்டங்கள் வரும். தமிழ்ச் செய்தியைத் திறக்கும்போது பொருளற்ற குறிகளும் எண்களும் தட்டுப்பட்டால் கருவி பழுதாகிவிட்டது என்று அஞ்சாதே. எழுத்துகளைப் புள்ளிகளாக மாற்றும் பிரெயில் அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழுக்கு மாற்றினால் போதும்.

ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து இல்லாத முதல்நிலையிலேயே தொடங்கு. 'தி', 'அண்ட்' போன்ற சொற்கள் ஒரே கட்டத்தில் அடங்கும் இரண்டாம் நிலையைப் பின்னர் கட்டாயம் கற்க வேண்டும். இருபது கட்டங்களில் முழு எழுத்தாகப் படித்தால் மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை வரியைத் தள்ள வேண்டியிருக்கும். அந்தத் தள்ளும் விசைக்கு இடது கைக் கட்டைவிரலைப் பழக்கு, வலது கை வாசிப்பிலிருந்து விலகாமல் இருக்கும்.

தொடக்கத்தில் மெதுவாகத்தான் வரும், அதற்காகக் குரலை மறுபடி திறந்துவிடாதே. நாளுக்குக் கால் மணி நேரம் குரலை அடக்கிவிட்டுப் படி. பிள்ளைக்குப் பிடித்த கதை ஒன்றைக் கோப்பாக ஏற்றிக்கொள். விளக்கை அணைத்த பிறகும் அவனுக்கு நீயே வாசித்துக் காட்டலாம்.

கணினிக்கு நான் பயன்படுத்தும், திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளே உனக்கும் ஏற்றது. பார்வையற்ற ஒருவர் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த பணி அது, கட்டணமும் இல்லை. சனிக்கிழமை தோ பாயோவுக்கு வரும்போது கருவியோடு வந்த யூஎஸ்பி கம்பியையும் எடுத்து வா. முதல் முறை கம்பியில் இணைத்துப் பழகு, புளூடூத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் எந்த விசை எதற்கு என்று விளங்காதவற்றையெல்லாம் கருவியின் குறிப்பேட்டிலேயே எழுதி வை.

அன்புடன்,
அம்மா