ஒரு வரியில் முடிந்த வேலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் அவரை வெயிலில் சைக்கிள் எடுக்க விடாதே.

இங்கே எங்கள் தெரு நூலகத்துப் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்பில் நாலாயிரம் சொற்கள். எத்தனை எழுத்து என்று பார்த்துப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். உதவுகிறேன் என்று அலுவலகத் தம்பி ஒருவன் மடிக்கணினியைத் திறந்தான். பிறர் எழுதிவைத்த நிரல் துண்டுகள், அதாவது பேக்கேஜ்கள், முந்நூறுக்கு மேல் இறங்கின. கடைசியில் ஏதோ இரண்டு பதிப்புகள் ஒத்துப்போகாமல் நிரல் ஓடவே இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம்தானே அப்படிப் பழக்கினோம்? 2016-இல் லெஃப்ட்பேட் என்ற 11 வரித் துண்டை எழுதியவரே என்பிஎம் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், நிரலை ஓடத் தயாராக்கும் பில்டு எத்தனை பேருக்கு உடைந்தது! சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அதன் வேலை. முதலாண்டு லேபில் பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளைக்குள் ஒரு எண்ணைப் போட்டு நாம் செய்தது அதைத்தான்.

நான், உரைக் கோப்புகளை வரி வரியாக அலசும் நம் பழைய ஆக் நிரல்மொழியை எடுத்தேன். 1977-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. 'அம்மா'வில் எத்தனை எழுத்து என்று கேட்டால் 15 என்றது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு. அது பைட்டை எண்ணுகிறது. அப்புறம் தேடியபோதுதான் தெரிந்தது, 2022-இல் கெர்னிகன் தன் 80-வது வயதில் தானே உட்கார்ந்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டை அது புரிந்துகொள்ளும்படி சேர்த்திருக்கிறார். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி தனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று எழுதி, மாற்றத்தை அனுப்பிவைத்திருக்கிறார். படித்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடம் கழித்தும் எழுதியவரே திறந்து திருத்த முடிகிறது என்றால், அது சில ஆயிரம் வரிகளுக்குள் நின்றதால்தான். நாம் போன வருடம் எழுதியதையே இன்று திறக்கப் பயப்படுகிறோமே.

அந்தப் புதிய மூல நிரலை இறக்கி, அதை ஓடத் தயாராக்கும் 'மேக்' கட்டளையைக் கொடுத்தேன், சில நொடியில் தயார். 'அம்மா'வுக்கு இப்போது 5: அ, ம, புள்ளி, ம, கால். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எடுத்துவிட்டு எண்ணச் சொன்னேன். 3 வந்தது! மொத்தமும் ஒரே வரி. ஸ்ரீ, க்ஷ மட்டும் இரண்டாக விழுகின்றன. அவற்றைக் கையால் சரிசெய்தேன்.

நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் பயன்படுத்துகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படிக்க முடிகிற அளவு மட்டும் கேட்டு வாங்குகிறேன். படிக்காத வரியைச் சேர்ப்பதில்லை.

முதல் குறுக்கெழுத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவுக்காக எழுத்தைப் பெரிதாக அச்சடித்திருக்கிறேன். டாக்டர் படிக்கலாம் என்று சொன்ன பிறகு கொடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்