இரண்டு கிலோ குழியடிச்சான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்பு போல இல்லை. சின்னவள் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்டுப் போனாள். கருப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் டீயைக் குடித்துக்கொண்டு ராத்திரி முழுவதும் மெஷினில் உட்காராதே.

போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரி அப்பா" என்கிறாய். அடுத்த பேச்சு எடுப்பதற்குள் பார்ட்டி வந்துவிட்டார் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வாக இருக்கும்போது படி.

திருத்துறைப்பூண்டியில் நடக்கும் பாரம்பரிய நெல் திருவிழாவுக்கு நானும் ராசு மாமாவும் போய் வந்தோம். காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டோம். அங்கே இறங்கினால் மண்டபத்துக்கு வழி கேட்கவே வேண்டாம், துண்டு போட்ட ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பேண்ட் சட்டை போட்ட பிள்ளைகளும் நிறைய வந்திருந்தார்கள். கணினி வேலையை விட்டுவிட்டு நிலம் பார்க்க வந்தவர்களாம். ஒரு பையன் மாமாவிடம் நாற்றங்கால் பற்றி அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டான். உன் வயதுதான் இருக்கும். உன்னை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வரிசையாக மண்சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரகம், பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார், கருப்புக் கவுனி, இலுப்பைப்பூச் சம்பா, அறுபதாம் குறுவை. காட்டுயானத்தைக் கதிரோடு வேரோடு பிடுங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். என் தலைக்கு மேலே நின்றது. ஏழடி வளரும், 180 நாள் பயிர். உன் தாத்தா அதைப் பற்றிச் சொல்வாரே, விதைத்துவிட்டு வந்தால் அறுக்கத்தான் திரும்பப் போக வேண்டும் என்று. அந்த வைக்கோல்தான் மாட்டுக்கும் ஆயிற்று, கூரைக்கும் ஆயிற்று. 1966-இல் ஐ.ஆர். 8 என்ற புது நெல் ரகம் வந்த பிறகு எல்லாம் குட்டைப் பயிராகப் போய்விட்டது. மூட்டை கூடியது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. உங்களைப் படிக்க வைத்ததும் அந்த மூட்டைதான். ஆனால் உரக்கடை பாக்கியும் அதோடு சேர்ந்துதான் நம் வீட்டுக்குள் வந்தது. அது உனக்கும் தெரியும்.

கடைமடைக்காரர்களாகிய நாம் பார்க்க வேண்டியது குழியடிச்சான். உப்புத் தண்ணீரைத் தாங்கும். வேதாரண்யம் பக்கத்து மண்ணுக்கென்றே இருந்த நெல், நாம்தான் விட்டுவிட்டோம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் நமக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்க எத்தனை நாள் ஆகும் என்பது தெரிந்ததுதானே. மாமா இரண்டு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. ஈரம் இல்லை. உமியை ஊதிவிட்டு உள்ளங்கையில் காட்டினார், பருவட்டான சிவப்பு அரிசி. தெற்குப் பங்கில் இதைப் போடலாம் என்றிருக்கிறேன்.

தெற்குப் பங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்திரம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டாயாம். பீரோவில்தான் இருக்கிறது, எப்போதும் இருக்கிற இடத்தில். என்னிடமே கேட்டிருக்கலாம்.

விதை வாங்கப் பெரிய வரிசை. அங்கே காசு இல்லை. ஊர், பெயர், போன் நம்பர் எழுதிக்கொண்டு இரண்டு கிலோ தருகிறார்கள். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அது இன்னொருவர் கைக்குப் போகும். நெல் ஜெயராமன் 2006-இல் ஆதிரெங்கத்தில் ஆரம்பித்து வைத்த முறை. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயாவோடு ஊர் ஊராக அலைந்தவர் அவர். 170-க்கும் மேற்பட்ட ரகங்களை இப்படிக் கை மாற்றிக் கை மாற்றியே காப்பாற்றினார். பத்திரமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அவர் போனது 2018 டிசம்பர் 6. கஜா புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஊரே இருட்டில் கிடந்த நேரம்.

அந்த நவம்பர் 16-க்குப் பிறகு நீ திருப்பூரிலிருந்து தார்ப்பாயும் அரிசியும் மெழுகுவர்த்தியுமாக வந்து நின்றாயே. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்க, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாய். நம் வீட்டுக்கு இறக்கும் முன்பே கீழத்தெருவுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டாய். இன்றும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அதைத்தான் சொல்கிறார்கள். சொந்தமாக மெஷின் போட்டாய் என்று கேட்டபோதும் எனக்கு அதே நிறைவுதான். அதை நான் உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தை யாரிடமும் கலக்காமல் செய்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது? பெரியப்பா வீட்டில் நடந்ததெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நீ.

வரிசையில் எனக்கு முன்னால் தலைஞாயிறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றார். கையில் பை இல்லை. கேட்டால், போன முறை வாங்கிய விதை மழைத் தண்ணீரில் மூழ்கி அழுகிவிட்டதாம். ஒரு மணிகூட வீடு வந்து சேரவில்லை. வெறுங்கையோடு அங்கே போய் நிற்காதீர்கள் என்று வீட்டில் தடுத்திருக்கிறார்கள். "வாங்கினவன் வந்து சொல்ல வேண்டாமா" என்றார் என்னிடம். மேசைக்கு முன்னால் போனதும் அதையே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்து, நிலம் மேடா பள்ளமா என்று கேட்டது. பள்ளம் என்றார். அப்படியானால் மடுமுழுங்கி எடுத்துப் போங்கள், வெள்ளத்தைத் தாங்கும் என்று சொல்லி இரண்டு கிலோ அளந்து கொடுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வயதில், அந்தக் கூட்டத்தில், வந்து நின்று சொன்னார் பார், அது எனக்கு மனதிலேயே இருக்கிறது.

நான் குழியடிச்சான் வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டுப் பக்கம் கருப்புக் கவுனிப் பாயசம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது, ராசு மாமா இரண்டாவது டம்ளர் வாங்கினார். அவல் கொஞ்சம் வாங்கி அவர் மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், அடுத்த வாரம் திருப்பூர் வருகிறான். முதல் நாளே ஊறப்போட்டுவிடு, வெல்லம் போட்டுச் சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஒருவர் இங்கே போன் செய்தார். உன் நண்பர் என்றார், வீட்டு விலாசம் கேட்டார். நண்பர் என்றால் விலாசத்தை உன்னிடம் கேட்க வேண்டியதுதானே. அம்மா எடுத்ததால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி வந்தபோது நான் எடுத்தேன். அந்த ஆள் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ எங்கே வேலை செய்கிறாய், நிலம் யார் பேரில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இனி போனை என் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், ராத்திரியும் என் தலைமாட்டில்தான் இருக்கும். அதனால் நீ எந்த நேரம் கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வா. கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அம்மாவுக்குப் புடவை சின்னவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதற்கு முன்பே வர முடிந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றால் ராசு மாமா மகனிடம் வாங்கிக்கொள், சொல்லி வைத்திருக்கிறேன்.

வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி அவனிடமே ஒட்டிக் கொடுத்துவிடு. எவ்வளவு, யார் யாரிடம், வட்டி என்ன. குறைத்து எழுதாதே.

இப்படிக்கு,
அப்பா