வெளிச்சத்துக்கும் கரண்ட் பில் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஒளியால் கணக்குப் போடும் ஏஐ சிப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை எடுத்ததற்கே பாராட்டலாம். ஆனால் ஒளி மின்சாரத்தைவிட வேகமானது, ஒளிக்குச் சூடு கிடையாது, ஆகவே இனி ஏஐக்கு மின்சாரக் கவலையே இல்லை என்கிற மாதிரி முடித்திருப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் மெஷினுக்கு சர்வீஸ் பார்ப்பவன். அரிசியை வெளிச்சத்தில் சரியவிட்டு, கேமராவால் பார்த்து, கறுப்பு மணியைக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின் அது. லைட், லென்ஸ், போர்டு, சூடு எல்லாம் தினப்படி பிழைப்பு என்பதால் இந்த மாதிரிச் செய்தி வந்தால் தேடிப் படித்துவிடுவேன்.

வேகத்தை முதலில் பார்ப்போம். சிலிக்கானில் செதுக்கிய பாதையில் ஒளித்துடிப்பு ஓடுவது, வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் கிட்டத்தட்ட கால் பங்குதான். நல்ல கேபிளில் போகும் மின் சிக்னலே அதைவிட வேகமாகப் போகும். அதனால் யார் முந்துகிறார்கள் என்கிற போட்டியே இங்கே இல்லை, லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏஐக்கு உள்ளே அடுக்கடுக்காகக் கணக்குப் போடுகிற அமைப்புக்கு நியூரல் நெட்வொர்க் என்று பெயர். அது செய்கிற வேலையில் பெரும்பகுதி பெருக்குவது, கூட்டுவது, அவ்வளவுதான், அதைக் கோடிக்கணக்கான தடவை செய்ய வேண்டும். சாதாரண சிப்பில் ஒவ்வொரு எண்ணையும் மெமரியிலிருந்து எடுத்து, கம்பி வழியாகக் கொண்டுவந்து, டிரான்சிஸ்டர்களை மாற்றி மாற்றித் திறந்து மூடவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியை சார்ஜ் செய்து, காலி செய்து, மறுபடி சார்ஜ் செய்வதில்தான் கரண்ட் போகிறது, சூடும் வருகிறது. ஒளியில் வழி வேறு. ஒரு கதிரை இரண்டு கையாகப் பிரித்து, ஒரு கையில் மட்டும் அலையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, மறுபடி சேர்த்தால், இந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் அந்தப் பக்கம் எவ்வளவு என்பது அந்தத் தள்ளலைப் பொறுத்து மாறும். அந்த விகிதம்தான் பெருக்கல். ஒளி உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். 2017-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் இப்படிப்பட்ட 56 அமைப்புகளைக் கோத்து ஒரு சிப் செய்து, பேச்சில் வரும் உயிரொலிகளைப் பிரித்துக் காட்டினார்கள். நூற்றுக்கு 76.7 சரியாக வந்தது. அதே வேலையைச் சாதாரண கம்ப்யூட்டர் 91.7 சரியாகச் செய்தது. உங்கள் கட்டுரையில் அந்தச் சோதனை இருக்கிறது, இரண்டாவது எண்ணைக் காணோம்.

ஒளிக்குச் சூடு கிடையாது என்பதும் பாதி உண்மைதான். அந்த அலையைத் தள்ளிவைக்கப் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாதையின் மேல் ஒரு குட்டி ஹீட்டரை வைக்கிறார்கள்! சூடேறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் மாறும், அலை தள்ளும். அந்த எண்ணைப் பிடித்துவைத்திருக்கும் வரை ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கவேண்டும், பக்கத்து ஹீட்டரின் சூடு இங்கே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை மாதத்துக் காரைக்குடி வெயிலில் சார்ட்டர் பேனலுக்கே ஏசி போடச் சொல்லி முதலாளிகளிடம் மன்றாடுகிறவன் நான், இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இதைவிடப் பெரிய செலவு வாசலில் இருக்கிறது. எண்கள் மெமரியில் மின்சாரமாக இருக்கின்றன. அதை ஒளியாக மாற்றி உள்ளே விடவேண்டும், வெளியே வந்ததை டிடெக்டரில் பிடித்து மறுபடி டிஜிட்டல் எண்ணாக்க வேண்டும். இங்கே கானாடுகாத்தானில் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நேராக நடந்தால் ஒரு நிமிஷம், இரண்டு முனையிலும் பூட்டைத் திறந்து பூட்டுவதற்குத்தான் பொழுது போகும். ஒளிச் சிப்பின் கதையும் அதுதான்.

இது என் யூகம் இல்லை. 2025 ஏப்ரலில் நேச்சர் அறிவியல் இதழில், ஒளிச் சிப் செய்கிற லைட்மேட்டர் நிறுவனம் தன் ஒளிச் செயலியைப் பற்றி எழுதியது. வினாடிக்கு 65.5 லட்சம் கோடி கணக்குகள், படத்தை அடையாளம் காணும் ரெஸ்நெட், மொழியைக் கையாளும் பெர்ட் மாதிரியான நிஜ ஏஐ மாடல்களே அதில் ஓடின, நிஜமாகவே பெரிய சாதனைதான். ஆனால் அதில் ஒளிக்கான சக்தி 1.6 வாட், மின்சாரம் 78 வாட். ஒளிப் பாகங்கள் 10 லட்சம் என்றால் டிரான்சிஸ்டர்கள் 5,000 கோடி. மின்சாரத்துக்குப் பதில் ஒளி என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு ஜோடி எண்களையும் ஒருமுறை பார்த்திருக்கலாம். வெறும் ஒளியின் கணக்கை மட்டும் காட்டி மின்சாரத்தை மறைப்பது, மோட்டாரை விட்டுவிட்டு டியூப் லைட்டுக்கு மட்டும் பில் போடுகிற வேலை.

அப்புறம் ஒரு அடிப்படைச் சிக்கல். ஒரு கதிரும் இன்னொரு கதிரும் குறுக்கே போனால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். கம்பியாக இருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும், அந்த வகையில் இது சௌகரியம். ஆனால் நியூரல் நெட்வொர்க்கில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் விடாதே’ என்கிற மாதிரி ஒரு முடிவு எடுக்கவேண்டும், அதற்கு ஒரு சிக்னல் இன்னொன்றை அடக்கியாக வேண்டும். 2024 டிசம்பரில் எம்ஐடி இதற்கும் ஒரு வழி காட்டியது: போகிற ஒளியில் கொஞ்சத்தைத் தட்டியெடுத்து மின்சாரமாக்கி, அதைக்கொண்டே மீதி ஒளியை அங்கேயே கட்டுப்படுத்துவது. அரை நானோ வினாடிக்குள் வேலை முடிந்தது, 92 சதவீதத்துக்கு மேல் சரியாகவும் வந்தது. அழகான வேலை. அதிலும் நடுவே மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் நான் ஒளிக்கு எதிரி இல்லை. உலகத்து டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் தின்றன, 2030-க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஏதாவது செய்தே ஆகவேண்டும். என் கணிப்பில் ஒளி முதலில் சிப்புக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டாவைக் கொண்டுபோகிற வேலையில்தான் சம்பாதிக்கும், பெருக்கல் அப்புறம்.

இன்னொரு இடம் உண்டு, அதை நீங்கள் ஒரு வரிகூடத் தொடவில்லை. டேட்டா முதலிலேயே ஒளியாக வருகிற இடம்! 2018-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஐடோகன் ஓஸ்கான் குழு, 3டி பிரிண்டரில் அடித்த சில தகடுகளை வரிசையாக நிறுத்தி, கையால் எழுதிய எண்களை அடையாளம் காட்டியது. தகடுகளுக்குக் கரண்டே கிடையாது. அலை அவற்றைக் கடந்துபோய் எந்த இடத்தில் அதிகமாக விழுகிறதோ அதுதான் விடை. அவர்கள் பயன்படுத்தியது கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலை, அது வேறு விஷயம். ஆனால் அரிசி மணியின் பிம்பம் ஒளியாகத்தானே கேமராவுக்கு வருகிறது, கேமராவுக்கு முன்னாலேயே பாதி வேலையை இப்படி ஒரு தகடு செய்துவிட்டால் என் போர்டுக்கு எவ்வளவு சுமை குறையும்! ஒரே பயம் தூசி. அலைநீள அளவுக்கு நுணுக்கமாகச் செய்த தகட்டில் தவிட்டுப் பொடி படிந்தால் கணக்கே மாறிவிடும். ஆலைக்குள் கால் வைக்காதவர்களுக்கு இது தோன்றாது.

சென்னை ஐஐடியில் சிலிக்கான் போட்டானிக்ஸுக்கென்றே, அதாவது சிலிக்கானில் ஒளியை ஓட்டுகிற இந்தத் துறைக்கென்றே, மத்திய அரசு உதவியோடு ஒரு மையம் நடக்கிறது, விருப்பப்படி மாற்றியமைக்கக்கூடிய ஒளிச் சிப்கள்தான் அவர்கள் வேலையே. அடுத்த கட்டுரைக்கு ஒரு நிருபரை அங்கே அனுப்புங்கள். அவர்களிடம் கேட்டு, லேசர், ஹீட்டர், ஒளி மாற்றி, மெமரி, குளிர்சாதனம் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் என்று போடுங்கள். முடிந்தால் தூசியைப் பற்றியும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்